கோயமுத்தூர் பக்கம் ஓட்டற வண்டிக்கு டர்போ எப்படி பாத்து எடுக்கறது

டர்போங்கறது இஞ்சின் பொகை வேகத்துல சுத்தி காத்த அமுக்கி உள்ள விடற சாதனம். அத போடலாம்னு முடிவு பண்ணுன ஒடனே எல்லாரும் எத்தன எச்பி வரும்னு தான் கேக்கறாங்க, ஆனா மொதல்ல கேக்க வேண்டியது வண்டிய எங்க ஓட்டப்போறோம், இஞ்சின் எந்த ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) ரொம்ப நேரம் இருக்கும்னு தானுங்க. நம்ம செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக் 2 கிலோமீட்டர் சொச்சம் தான், வளைவு ஜாஸ்தி, ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுனா 40 கொண்டை ஊசி வளைவு. இங்கெல்லாம் 5000 ஆர்பிஎம் தாண்டி பூஸ்ட் (டர்போ ஏத்தற காத்தழுத்தம்) வர்ற பெரிய டர்போவ வெச்சுகிட்டு என்ன பண்றது, வளைவுல இருந்து வெளிய வந்து மிதிச்சா அது சுத்தி எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும். 3000ல இருந்து 3500க்குள்ள பூஸ்ட் முழுசா வந்தரோணும், அதத்தான் குறியா வெச்சுக்கோங்க.

இப்ப கணக்குக்கு வருவோம், இத போடாம டர்போ வாங்கவே வாங்காதீங்க. 2 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், 7000 ஆர்பிஎம்னு வெச்சுக்குவோம். ரெண்டு சுத்துக்கு ஒருக்கா தான் முழுசா காத்து இழுக்கும், அப்ப நிமிஷத்துக்கு 7000 லிட்டர், 95 சதவீதம் நெறையுதுன்னா 6650. நம்மூரு கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் ஒசரம், 35 டிகிரி வெயில்ல ஒரு கன மீட்டர் காத்து 1.1 கிலோ தான் இருக்கும், ஆக நிமிஷத்துக்கு 7.3 கிலோ, அதாவது 16 பவுண்டு. ஒரு பவுண்டு காத்துக்கு 10 எச்பின்னு தோராயமா போட்டா டர்போ இல்லாம 160 எச்பி. உங்களுக்கு 250 வேணும்னா 25 பவுண்டு காத்து போகோணும், அது 16ஓட 1.56 மடங்கு, அமுக்குன காத்து சூடாகி லேசாயிரும்ங்கறதால ப்ரெஷர் ரேஷியோ (வெளிக்காத்தழுத்தத்த போல எத்தன மடங்குங்கறது) 1.7 கிட்ட வரும், கேஜ்ல பாத்தா 10 பிஎஸ்ஐ.

இந்த ரெண்டு நம்பர், 25ம் 1.7ம், இத எடுத்துட்டு கம்ப்ரசர் மேப்ப, அதாவது டர்போ கம்பெனி குடுக்கற வரைபடத்த, பாருங்க. பம்ப்செட் வாங்கறப்ப ஹெட்டுக்கு எவ்வளவு டிஸ்சார்ஜ்னு சார்ட் பாக்கறோமில்லைங்க, இதுவும் அதே வேலை தான், தண்ணிக்கு பதிலா காத்து. நேரா மேல போற கோட்டுல ப்ரெஷர் ரேஷியோ, கீழ படுக்க போற கோட்டுல காத்தோட அளவு. 7000ல வர்ற புள்ளிய மட்டும் வெச்சுட்டு நிறுத்திராதீங்க, 3500, 5000 எல்லாத்துக்கும் கணக்கு போட்டு புள்ளி வைங்க, 3500ல காத்து பாதி தான், 12.5 பவுண்டு சுமாரு. அந்தப் புள்ளி எடது பக்கம் சர்ஜ் லைன தாண்டிருச்சுன்னா டர்போ பெருசுன்னு அர்த்தம், காத்து திரும்பி அடிச்சு பேரிங் போயிரும். வலது ஓரத்துக்கு போச்சுன்னா சின்னது, காத்த அமுக்கறத விட சூடு பண்றது தான் ஜாஸ்தியா இருக்கும். 70 சதவீதத்துக்கு மேல எஃபிஷியன்சி இருக்கற வட்டத்துக்குள்ள பெரும்பாலான புள்ளி விழுகோணும். கேரட் கம்பெனியோட ஜிடி2560ஆர்ங்கற டர்போவ அந்த கம்பெனிக்காரங்களே 200ல இருந்து 330 எச்பி வரைக்கும்னு போட்டிருக்காங்க, இந்த உதாரணத்துக்கு அது சரியா ஒக்காரும்.

ஊட்டிக்கும் ஓட்டறவங்க இன்னொரு புள்ளி வெச்சே ஆகோணும். அங்க 2200 மீட்டருக்கு மேல, காத்தழுத்தம் நம்மூருல 0.96 பார்னா அங்க 0.77 தான், அதே பவர் வேணும்னு ஈசியு (இஞ்சின் கம்ப்யூட்டர்) பூஸ்ட ஏத்துச்சுன்னா 1.7 இருந்த ரேஷியோ 2.1க்கு போயிரும், டர்போ இன்னும் வெசையா சுத்தும். மேப்ல மேல எடம் இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லைன்னா மலை மேல பூஸ்ட கொறச்சுக்கற மாதிரி ட்யூன் பண்ணச் சொல்லுங்க.

டர்பைன் பக்கம், அதாவது பொகை வந்து சுத்தி விடற பக்கம், ஏ/ஆர் (பொகை போற வழியோட அளவு) சின்னதா இருந்தா சீக்கிரம் பூஸ்ட் வரும், மேல போறப்ப மூச்சு முட்டும், நம்ம வளைவு ரோட்டுக்கு சின்னது பக்கம் சாயறது தான் என்னோட ரோசனை. ஆனா சின்ன ஹவுசிங்ல (டர்பைன் கூடு) வேஸ்ட்கேட், அதாவது மிச்ச பொகைய ஒதுக்கி விடற வால்வு, அதோட ஓட்டை பத்தலைன்னா பூஸ்ட் தானா ஏறிகிட்டே போகும், அதையும் பாக்கோணும்.

அமுக்குன காத்த ஆற வெக்கற இன்டர்கூலர்ல காச மிச்சம் பிடிக்காதீங்க. 35 டிகிரி காத்த 1.7க்கு அமுக்குனா 100 டிகிரி தாண்டீரும், கரூர், ஈரோடு பக்கம் சித்திரை வெயில்ல கேக்கவே வேண்டாம், சூடு காத்து உள்ள போனா நாக் (பெட்ரோல் கலவ நேரங்கெட்டு வெடிக்கறது) வந்து பிஸ்டன் ஒடையும். கம்ப்ரஷன் ரேஷியோ (சிலிண்டருக்குள்ள காத்த எத்தன மடங்கு சுருக்குதுங்கறது) 10.5க்கு மேல இருக்கற இஞ்சின்னா பூஸ்ட கம்மியா வைங்க, இல்லைன்னா ஃபோர்ஜ்டு (அடிச்சு செஞ்ச, கெட்டியான) பிஸ்டன் போட்டு 9 கிட்ட கொண்டு வாங்க, 95 ஆக்டேன் பெட்ரோல் தான் ஊத்தோணும். இப்ப பங்க்ல வர்றது எத்தனால் 20 சதவீதம் கலந்தது, அதுக்கு பெட்ரோல் ஜாஸ்தி வேணும், 250 எச்பிக்கு பெட்ரோல் பீச்சற 4 இன்ஜெக்டரும் ஒவ்வொண்ணு நிமிஷத்துக்கு 550 சிசி விடறதா இருந்தா நிம்மதி.

இஞ்சின் பொகைய டர்போவுக்கு கொண்டு போற மேனிஃபோல்டு பண்றதுக்கு கணபதி, பீளமேடு பக்கம் லேத்துக்கும் வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமில்லைங்க, கனமான பைப்ல டிக் வெல்டிங்னு தெளிவா சொல்லுங்க, டர்போ எடைய தாங்க தனியா ஒரு ப்ராக்கெட்டும் கேளுங்க. டர்போல இருந்து ஆயில் திரும்பி வர்ற பைப் அகலமா நேரா கீழ எறங்கோணும், எங்கயும் மேல ஏறப்படாது. ரோட்டுல ஓட்டற வண்டின்னா வண்டியில மாத்தம் பண்றதுக்கு கட்டுப்பாடு போடற மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்குது, ஆர்டிஓ, இன்சூரன்ஸ் ரெண்டு பக்கமும் விசாரிச்சுட்டு அப்பறம் கைய வைங்க.

டைனோ (வண்டிய நிறுத்தி ஓட்டி பவர் அளக்கற மெஷின்) ட்யூனிங்குக்கு காச மொதல்லயே ஒதுக்கி வெச்சுருங்க, முழு பூஸ்ட்ல ஏர் ஃப்யூவல் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தன பங்கு காத்து) 11.5ல இருந்து 12க்குள்ள நிக்கோணும். மொதல் தடவ ஸ்டார்ட் பண்றப்ப பெட்ரோல் பம்ப் ஃப்யூசயும் இக்னிஷனையும் கழட்டிட்டு ஆயில் ப்ரெஷர் வர்ற வரைக்கும் செல்ஃப் அடிங்க, விட்டு விட்டு அடிச்சா போதும், அப்பறமா ஃப்யூச மாட்டி ஓட விட்டு, ஆறுன பொறகு எல்லா போல்ட்டையும் ஒருக்கா டைட் பாத்துருங்க.