கோல்கியைத் தபால் ஆபீஸ் என்று மட்டும் படித்தால் வரும் தவறுகள்

யாங்கோனில் சாயங்காலம் என் வீட்டு முன்னறையில் உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளிடம், செல்லுக்குள் தட்டைப் பைகளின் அடுக்காக இருக்கும் கோல்கி என்ற உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் சொல்வது ஒரே பதில்தான்: தபால் ஆபீஸ். வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம், பாடச் சொற்கள் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவில் படிக்கிற பிள்ளைகள் கைக்குக் கிடைத்த உவமையைப் பிடித்துக்கொள்வது இயல்பு. ஆனால் தேர்வுத்தாளில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த உவமையிலிருந்தே கிளைவிடுகின்றன. தபால் ஆபீஸ் கடிதத்தைப் பிரித்துத் திருத்தாது, முத்திரை குத்தி அனுப்பிவிடும். கோல்கியோ வந்த புரதத்தில் சர்க்கரையை ஒட்டும், ஏற்கெனவே ஒட்டியிருப்பதை நறுக்கும், சிலவற்றில் சல்பேட்டைச் சேர்க்கும், சிலவற்றின் சங்கிலியையே வெட்டும், அப்புறம்தான் அனுப்பும். சில புரதங்களுக்கு விலாசமே அங்கேதான் எழுதப்படுகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, உறுப்புகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு புரதத்தின் பின்னாலேயே போய்ப் பாருங்கள் என்பதுதான். இங்கே நெல் அறுப்புக் காலத்தில் வயலில் இறங்குகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடி விரியனைத் தெரியும், பர்மியர்கள் ம்வேப்வே என்பார்கள். அதன் விஷம் பெரும்பாலும் புரதம். விஷச் சுரப்பியில் இருக்கும் ஒரு செல்லுக்குள் போவோம். ரைபோசோம் அமினோ அமிலங்களைக் கோத்துச் சங்கிலி பின்ன ஆரம்பிக்கிறது. முதலில் வெளியே வரும் சிறு துண்டுதான் அடையாளத் துண்டு. இந்தச் சங்கிலி வெளியே போக வேண்டியது என்று அது காட்டிக்கொடுக்க, ரைபோசோம் அப்படியே எண்டோபிளாச வலை என்ற படலப் பின்னலின் மேல் போய் உட்கார்ந்து, மீதிச் சங்கிலியை உள்ளே தள்ளிக்கொண்டே பின்னுகிறது. புரதத்துக்குள்ளேயே இப்படி ஒரு குறி இருக்கிறது என்று காட்டியதற்குத்தான் 1999-இல் குந்தர் பிளோபெலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேயே இரண்டு தவறுகள் மாட்டிக்கொள்கின்றன. கோல்கி புரதத்தைத் தயாரிக்கிறது என்று எழுதுவது ஒன்று. தயாரிப்பு ரைபோசோமில் முடிந்துவிட்டது, கோல்கிக்கு வருவது ஏற்கெனவே மடிந்து உருவம் எடுத்த புரதம். படம் வரையும்போது கோல்கியின் மேல் புள்ளி புள்ளியாக ரைபோசோம் வைப்பதும் இதே குழப்பத்தின் பிள்ளைதான். இரண்டாவது தவறை நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் செய்கிறார்கள். சர்க்கரை ஒட்டும் வேலை முழுக்கக் கோல்கியில் நடக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டும் சர்க்கரைக் கொத்து எண்டோபிளாச வலையிலேயே, சங்கிலி உள்ளே நுழைந்துகொண்டிருக்கும்போதே, 14 சர்க்கரைகள் கொண்ட ஒரே கட்டாகப் போய் உட்கார்ந்துவிடும். கோல்கி செய்வது அதைச் செதுக்கி, புதிதாகக் கோத்து, அந்தந்தப் புரதத்துக்கு ஏற்ற வடிவம் கொடுப்பது. செரின், திரியோனின் மேல் ஒட்டும் இன்னொரு வகைதான் பெரும்பாலும் கோல்கியில் ஆரம்பிக்கிறது. ஆகவே 'சர்க்கரைச் சேர்ப்பு எண்டோபிளாச வலையில் தொடங்கிக் கோல்கியில் முழுமை பெறுகிறது' என்று எழுதினால் யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

வலையிலிருந்து கிளம்பும் சிறு பைகள், அதாவது வெசிக்கிள்கள், கோல்கியின் வரவேற்கும் பக்கத்துக்குப் போகின்றன. இதுதான் சிஸ் பக்கம். வெளியே அனுப்பும் பக்கம் டிரான்ஸ். சிஸ் என்றால் இந்தப் பக்கம், டிரான்ஸ் என்றால் அந்தப் பக்கம், அவ்வளவுதான். வலைக்குப் பக்கத்தில் இருப்பதை சிஸ் என்று வைத்துக்கொண்டால் மாறாது. விஷப் புரதம் டிரான்ஸ் பக்கத்தில் பையேறி, செல்லின் விளிம்புக்கு வந்து, சுரப்பியின் குழிக்குள் கொட்டப்படுகிறது. இந்த வழித்தடத்தை முதலில் கண்ணால் காட்டியது 1960-களில் ஜார்ஜ் பலாடேயும் அவரோடு வேலை செய்தவர்களும். கினி எலியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தை 3 நிமிடம் மட்டும் கொடுத்து, பிறகு சாதாரண அமினோ அமிலத்துக்கு மாற்றி, அந்த 3 நிமிடத்தில் உண்டான புரதம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். முதலில் எண்டோபிளாச வலை, சில நிமிடங்களில் கோல்கி, இரண்டு மணி நேரத்துக்குள் சுரக்கக் காத்திருக்கும் சிறுமணிகள். எனக்கு இந்தப் பரிசோதனை ரொம்பப் பிடிக்கும், இதைப் படித்துவிட்டால் வரிசை மறக்காது. பலாடேவுக்கு 1974-இல் நோபல் கிடைத்தது.

அடுத்த பெரிய தவறு, எல்லாப் புரதமும் கோல்கி வழியாகத்தான் போகும் என்று நினைப்பது. சைட்டோபிளாசத்தில் மிதக்கும் ரைபோசோம்கள் பின்னும் புரதங்கள் அங்கேயே தங்கும், அல்லது உட்கருவுக்கோ மைட்டோகாண்ட்ரியாவுக்கோ நேராகப் போய்விடும், கோல்கியின் வாசலைக்கூட மிதிக்காது. ஹீமோகுளோபின் இதற்கு நல்ல உதாரணம். இதைச் சொன்ன நாளில் ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "சயாமா (டீச்சர்), எங்க தாத்தாவுக்குச் சர்க்கரை நோய்க்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கிற டெஸ்ட்ல ஹீமோகுளோபின்ல சர்க்கரை ஒட்டியிருக்குன்னு சொல்றாங்களே, அது கோல்கி ஒட்டினதில்லையா?" நல்ல கேள்வி. இல்லை. அது இரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ் எந்த நொதியின் உதவியும் இல்லாமல் தானாகப் போய் ஒட்டிக்கொள்வது. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அதுவும் கூடும். கோல்கி செய்வது நொதிகள் ஒவ்வொரு சர்க்கரையாகத் தேர்ந்தெடுத்து இடம் பார்த்து வைக்கும் வேலை. முதலாவதற்குப் பெயர் கிளைக்கேஷன், இரண்டாவது கிளைக்கோசைலேஷன். பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால்தான் இந்தக் குழப்பம்.

அவள் அதோடு விடவில்லை. சிவப்பணுவில் கோல்கியே கிடையாது என்று போன வாரம் சொன்னீர்களே, இரத்த வகை என்பது சிவப்பணுவின் மேல் இருக்கும் சர்க்கரைதானே, அதை யார் வைத்தது என்றாள். ஏ வகைக்காரர்களின் நொதி அந்தச் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் என்-அசிட்டைல்கேலக்டோசமைனை வைக்கிறது, பி வகைக்காரர்களின் நொதி கேலக்டோஸை வைக்கிறது, ஓ வகையில் அந்த நொதி வேலை செய்வதில்லை. இந்த நொதிகள் இருக்கும் இடம் கோல்கி. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகிக்கொண்டிருக்கும்போது அந்த இளம் செல்லில் கோல்கி இருக்கிறது. வேலையை முடித்துவைத்த பிறகுதான் உட்கருவும் கோல்கியும் போய், முதிர்ந்த அணு இரத்தத்தில் ஓடுகிறது.

இன்சுலினைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோல்கி வழியே போகும் புரதம் என்றாலே சர்க்கரை ஒட்டியிருக்கும் என்று எழுதாதீர்கள். இன்சுலின் கோல்கி வழியாகத்தான் போகிறது, ஆனால் அதில் சர்க்கரை இல்லை. அதற்கு நடக்கும் மாற்றம் வெட்டுதல். 86 அமினோ அமிலம் கொண்ட புரோஇன்சுலின், கோல்கியிலிருந்து கிளம்பும் சிறுமணிகளுக்குள் வெட்டுப்பட்டு, நடுத்துண்டு கழன்று, 51 அமினோ அமிலம் கொண்ட இன்சுலின் ஆகிறது.

இனி கொஞ்சம் கஷ்டமான இடம். பழைய புத்தகப் படங்களில் கோல்கியின் தட்டைப் பைகள் அசையாமல் அடுக்கி வைத்த தட்டுகள் போல இருக்கும், புரதம் குட்டிக் குட்டிப் பைகளில் ஒவ்வொரு தட்டாகத் தாவிப் போகும். இதை மட்டும் உண்மை என்று எழுதினால் இன்றைக்குப் பத்தாது. எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜனின் முன்வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 300 நானோமீட்டர் நீளமான விறைப்பான கம்பி. இந்தக் குட்டிப் பைகளோ சாதாரணமாக 100 நானோமீட்டர்கூட இருக்காது. கம்பி அதற்குள் எப்படி நுழையும்? அது தட்டையை விட்டு இறங்காமலேயே கோல்கியைக் கடக்கிறது. 2006-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஈஸ்ட் செல்லில், சிஸ் பக்கத்துப் புரதத்துக்கு ஒரு நிறமும் டிரான்ஸ் பக்கத்துப் புரதத்துக்கு வேறு நிறமும் கொடுத்து உயிரோடு பார்த்தபோது, ஒரே தட்டை மெல்ல மெல்ல ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறத்துக்கு மாறியது. அதாவது தட்டையே முதிர்ந்து நகர்கிறது, நொதிகள்தான் குட்டிப் பைகளில் ஏறிப் பின்பக்கம் திரும்புகின்றன. ஈஸ்டில் தட்டைகள் அடுக்காக இல்லாமல் சிதறிக் கிடப்பதால்தான் இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. விவாதம் இன்னும் முழுசாக ஓய்ந்துவிடவில்லை, ஆனால் தட்டைகள் அசையவே அசையாது என்று அடித்துச் சொல்வது தவறு.

திரும்பி வரும் போக்குவரத்தைப் பலர் படத்திலேயே போடுவதில்லை. அம்புக்குறி எல்லாம் ஒரே திசையில். எண்டோபிளாச வலைக்குச் சொந்தமான புரதங்கள் சில தப்பித்தவறிக் கோல்கிக்கு வந்துவிடும். அவற்றின் வால் நுனியில் லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், லியூசின் என்று நான்கு அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கும். கோல்கியில் ஒரு ஏற்பி இதை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டு, பையில் ஏற்றி வலைக்கே திருப்பி அனுப்பிவிடும். படத்தில் ஒரு அம்பாவது பின்னோக்கி இருக்கட்டும்.

அடுத்தது, சர்க்கரை செல்லின் உள்பக்கம் பார்த்திருக்கும் என்று வரைவது. இதற்கு நான் மளிகைக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றை எடுப்பேன். பையின் உள்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி, இதுதான் கோல்கியின் உள்ளே ஒட்டிய சர்க்கரை என்பேன். அப்புறம் மேசைமேல் விரித்த துணி ஒன்றைச் செல்லின் படலமாக வைத்துக்கொண்டு, அதில் ஓட்டை வெட்டி, பையின் வாயை அந்த ஓட்டையின் விளிம்போடு சேர்த்து ஊசி நூலால் தைத்து, துணியைத் தூக்கிப் பிடித்து, பையை உட்புறம் வெளிப்புறமாகத் தள்ளிவிடுவேன். பொட்டு அந்தப் பக்கம், செல்லுக்கு வெளியே போய் நிற்கும். பையின் உள்பக்கமும் செல்லின் வெளிப்பக்கமும் ஒன்றுதான் என்பது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

தாவரங்களைப் பொறுத்தவரை, அவற்றில் கோல்கி இல்லை என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருக்கிறது, செல் முழுக்கச் சிறு அடுக்குகளாகச் சிதறி. செல் சுவரின் பெக்டின் அங்கேதான் உண்டாகிறது, செல்லுலோஸ் மட்டும் பிளாஸ்மா படலத்திலேயே உண்டாகிறது. இந்த இரண்டையும் மாற்றி எழுதாதீர்கள். இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் உளுந்தின் பருப்பில் நிறைந்திருக்கும் சேமிப்புப் புரதம், விதை முற்றும்போது எண்டோபிளாச வலையில் உண்டாகி, வகை பிரிக்கப்பட்டு, புரதம் சேமிக்கும் வாக்குவோல்களுக்குப் போய்ச் சேர்ந்ததுதான்.

கமில்லோ கோல்கிக்கு 1906-இல் நோபல் கிடைத்தது இந்த உறுப்புக்காக என்று எழுதுவதும் தவறு, அது நரம்பு மண்டல ஆய்வுக்கு. உறுப்பை அவர் 1898-இல் வெள்ளி உப்புச் சாயத்தில் ஆந்தையின் நரம்பு செல்லில் பார்த்தார். சாயம் செய்த கோளாறு என்று பலர் நம்பாமலேயே இருந்தார்கள், எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் பேச்சு அடங்கியது.

சரி, விலாசத்துக்கு வருவோம். செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளுக்குக் கோல்கியின் சிஸ் பக்கத்தில், மானோஸ் என்ற சர்க்கரையின் 6-ஆவது கார்பனில் ஒரு பாஸ்பேட் வைக்கப்படுகிறது. டிரான்ஸ் பக்கத்தில் இருக்கும் ஏற்பி இந்தக் குறியைப் பிடித்து, லைசோசோமுக்குப் போகும் வழியில் உள்ள, அமிலத்தன்மை கூடிய எண்டோசோம் என்ற பையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அடுத்த சுமைக்குத் திரும்பி வருகிறது. இந்தக் குறியை வைக்கும் நொதி பிறப்பிலேயே இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். ஐ-செல் நோய் என்று பெயர். லைசோசோம் நொதிகளை அவர்களுடைய செல்கள் ஒழுங்காகத்தான் தயாரிக்கின்றன, ஆனால் விலாசம் இல்லாததால் அவை செல்லுக்கு வெளியே போய்விடுகின்றன. இரத்தத்தில் எடுத்துப் பார்த்தால் அந்த நொதிகள் ஏராளமாக இருக்கும், செல்லுக்குள் லைசோசோமோ செரிக்க முடியாத கழிவோடு வீங்கிக் கிடக்கும். நொதி இல்லாமல் வந்த நோய் என்று மட்டும் எழுதினால் விடை பாதிதான். எந்த நொதி இல்லை, எது இருந்தும் போய்ச் சேரவில்லை என்று இரண்டையும் எழுதுங்கள்.