காரைக்குடி – பினாங்கு: தூரமும் பயண நேரமும் நாமே கணக்கிடுவது எப்படி?

முதலில் நேர்கோட்டுத் தூரம். கூகுள் மேப்ஸில் காரைக்குடியை அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கும் வசதியைத் தொட்டு, கோட்டைப் பினாங்கு வரை இழுங்கள். ஏறக்குறைய 2,430 கி.மீ. காட்டும். ‘இரண்டு ஊர்களுக்கிடையே தூரம்’ என்று விளம்பரங்களுக்கு நடுவே விடை சொல்லும் தளங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. கடலுக்குக் குறுக்கே கார் ஓட்டும் நேரம்கூடச் சொல்லும்!

ஆனால் நாம் அந்தக் கோட்டில் போகப்போவதில்லை. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டாம்; காரில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கோலாலம்பூர் சுமார் 2,700 கி.மீ., நான்கு மணி நேரம். அப்புறம் வடக்கே திரும்பிச் சாலையில் பினாங்குக்கு 400 கி.மீ. காரைக்குடி–திருச்சித் தூரத்தையும் சேர்த்துக் கூட்டினால் 3,200-ஐத் தொடும்.

நான் சறுக்கியது அடுத்த படியில். விமானம் இரவு 11.30-க்கு. டிக்கெட்டைச் சரியாகப் பார்க்காமல், “நாலு மணி நேரந்தான், மூன்றரைக்கு வந்துவிடுவேன்” என்று கோலாலம்பூரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொல்லிவிட்டேன். நான் இறங்கியபோது அங்கே மணி ஆறு. அதற்குள் அவர் மூன்று தே தாரிக் (மலேசிய ஆற்றிய டீ) குடித்து முடித்திருந்தார். அப்பத்தா கொடுத்துவிட்ட சீப்புச் சீடை டின்னை நீட்டித்தான் சமாதானப்படுத்தினேன்.

மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். போகும்போது 11.30-லிருந்து 6.00 வரை ஆறரை மணி நேரம் போலத் தெரியும். இரண்டரையைக் கழித்தால் நான்கு. திரும்பும்போது 8.30-க்குக் கிளம்பி 10.00-க்கு இறங்குவதாக இருக்கும். அங்கே இரண்டரையைக் கூட்டுங்கள். (எங்கள் ஐயா “ரெண்டு மணி நேரந்தான் வித்தியாசம்” என்பார். தப்பில்லை. 1982-இல்தான் அவர்கள் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள்.)

என் வழி: செயலி எதுவும் வேண்டாம், காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். எல்லாவற்றையும் இந்திய நேரத்தில் எழுதுங்கள். மாலை 6.00 காரைக்குடி, 11.30 விமானம், 3.30 இறக்கம், குடிநுழைவு முடிய 5.00, காரில் பினாங்கு 11.00. ஆக 17 மணி நேரம். கடைசி வரியில் மட்டும் இரண்டரையைக் கூட்டினால் அங்கே பகல் 1.30.

பின்சேர்க்கை: பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்டிருந்தார், டிக்கெட்டில் 14-ம் தேதி 00.30 என்றால் எப்போது கிளம்புவது என்று. 13-ம் தேதி இரவு 7 மணிக்கே வண்டி ஏறிவிடுங்கள், ஆச்சி. 14-ம் தேதி இரவு ஓலைக் கொட்டானும் கையுமாகப் போய் நின்றால், உங்கள் விமானம் முந்தின இரவே போயிருக்கும்.