பள்ளியில் மழை மன்றம் நடத்துவது எப்படி?

சைதாப்பேட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். எங்களிடம் இலக்கிய மன்றம் உண்டு, 2022-இல் அரசு தொடங்கிய வானவில் மன்றமும் உண்டு. இவற்றுக்கு நடுவே நானும் பிள்ளைகளும் நடத்துவது மழை மன்றம். வேலை ஒன்றுதான். தினமும் காலையில் முந்தைய நாள் மழையை அளந்து, தெருப் பக்கச் சுவரில் மாட்டிய கரும்பலகையில் எழுத வேண்டும். செலவு இருநூறு ரூபாயைத் தாண்டாது. உங்கள் பள்ளியிலும் தொடங்கலாம், ஆனால் நான் சொதப்பிய இடங்களை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் நாற்பது பேரைச் சேர்த்தேன். பேட்ஜ், கேசரி, தொடக்க விழா எல்லாம் நடந்தது. நவம்பர் பாதியில் மழைமானிப் பக்கம் ஒரு ஈ, காக்கை இல்லை. ‘அவன் பார்த்திருப்பான்’ என்று இவளும் ‘இவள் எழுதியிருப்பாள்’ என்று அவனும் இருந்துவிட்டார்கள். இப்போது எட்டே பேர். வாரத்துக்கு இருவர் முறை. ஏழாம் வகுப்புப் பிள்ளையோடு ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளை. எட்டாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடுகிறது, அதனால் பெரியவர்களை மட்டும் நம்பினால் ஜூனில் மறுபடி அரிச்சுவடியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆள் எடுக்கும்போது மார்க்கைப் பார்க்காதீர்கள், காலையில் யார் சீக்கிரம் வருகிறார்கள் என்று பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலை உணவு உண்டு. அதற்காகத் தங்கையைக் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்கே வந்துவிடும் ஒரு பையன் இருந்தான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ஒரு வருஷத்தில் அவன் தவறவிட்டது மூன்றே நாள்.

மழைமானி செய்ய இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். கழுத்துச் சரிவு முடிகிற இடத்தில் அறுத்து, மேல் துண்டை மூடியில்லாமல் தலைகீழாகப் புனல் போல உள்ளே செருகுங்கள். அறுக்கும் வேலை உங்களுடையது; விளிம்பில் டேப் ஒட்டிவிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். நெட்டில் பார்த்து நானும் முதலில் பாட்டில் மேலேயே ஸ்கேல் ஒட்டினேன். அந்த பாட்டிலுக்கு நடுவில் இடுப்பு ஒடுங்கியிருந்தது. ஒடுங்கிய இடத்தில் தண்ணீர் அதிக உயரம் ஏறுமல்லவா? எங்கள் கணக்கில் ஊரில் இல்லாத மழையெல்லாம் சைதாப்பேட்டையில் பெய்தது. ஒரு ஏழாம் வகுப்புப் பெண்தான் பாட்டிலைத் தடவிப் பார்த்து, “மிஸ், இதுக்கு இடுப்பு இருக்கு” என்றாள்.

அன்றோடு ஸ்கேலை விட்டுவிட்டுச் சிரிஞ்சுக்கு மாறினோம். மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு வாங்குங்கள். பாட்டிலின் வாய் விட்டம் ஏறக்குறைய 11 செ.மீ. என்றால் பரப்பு 95 சதுர செ.மீ. அதில் 1 மி.மீ. மழை விழுந்தால் 9.5 மி.லி. தண்ணீர் சேரும். ஆக, ஒரு சிரிஞ்சு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிஞ்சை மட்டும் எண்ணுவார்கள். ஏழாம் வகுப்பு மொத்த மில்லிலிட்டரை 9.5-ஆல் வகுத்துச் சரியான அளவை எழுதும். அடைமழை நாளில் சிரிஞ்சோடு உட்கார்ந்தால் முதல் பீரியட் போய்விடும். அப்போது அரை லிட்டர் பாட்டிலால் அளந்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் சிரிஞ்சு.

மானியை மரத்தடியிலோ சுவர் ஓரத்திலோ வைக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பது எவ்வளவு உயரமோ அதுபோல் இரு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். நகரத்துப் பள்ளியில் அப்படி ஓர் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கொடிக்கம்ப மேடைதான் எங்களுக்குக் கிடைத்தது. சுற்றி நான்கு செங்கல் அடுக்கிவிட்டால் காற்றுக்குச் சாயாது. இடி, மின்னல் இருந்தால் யாரும் வெளியே போகக் கூடாது. அளவு எங்கேயும் ஓடிவிடாது.

அளக்கும் நேரம் காலை 8.30. வானிலை ஆய்வு மையமும் 24 மணி நேர மழையை இந்த நேரத்தோடுதான் கணக்கு முடிக்கிறது. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் இரண்டின் அளவும் செய்தியில் வரும். சைதாப்பேட்டை இரண்டுக்கும் நடுவில். அங்கே நனைந்து இங்கே காய்ந்த நாள்களும் உண்டு, தலைகீழாகவும் உண்டு. ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள், அன்றைய பாடம் அதுவே. செய்தியில் பெரும்பாலும் சென்டிமீட்டர் வரும் என்பதை மறக்காதீர்கள். ஒரு முறை செய்தியில் 6 என்றும் எங்கள் பலகையில் 58 என்றும் இருந்ததைப் பார்த்து, எதிரே இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டில் எங்களைப் பற்றிச் சிரித்தார்கள்.

நோட்டில் ஒரே விதிதான்: மழை இல்லாத நாளில் 0 எழுத வேண்டும். காலியாக விட்டால் மழை இல்லையா, ஆள் வரவில்லையா என்று பிறகு தெரியாது. ஒரு சிரிஞ்சுக்கும் தேறாத மழைக்குப் பிள்ளைகளாகவே ‘தூ’ என்று போடுகிறார்கள். தூறலாம். 2.5 மி.மீ. தொட்டால்தான் அது கணக்கில் மழை நாள், 64.5-ஐத் தொட்டால் கனமழை. இது தெரிந்த பிறகு ‘செம மழை’ என்று யாராவது சொன்னால், “எத்தனை மில்லிமீட்டர்?” என்று மடக்குகிறார்கள்.

இனி பெரிய சிக்கல். நல்ல மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள்! வடகிழக்குப் பருவமழையின் முக்கியமான நாள்களில் பள்ளிக்கூடமே பூட்டியிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போனபோது எங்கள் நோட்டில் ஒரு வாரம் வெள்ளையாகக் கிடக்கிறது. இப்போது மூன்று பிள்ளைகள் வீட்டு மாடியில் ஆளுக்கொரு பாட்டில் இருக்கிறது. விடுமுறை நாளில் அம்மா போனில் இருந்து அளவை அனுப்புகிறார்கள். வீட்டு மானி என்று ஓரத்தில் குறித்துவிடுவோம்.

பாடத்தோடு சேர்க்க ஒரு கணக்கு போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. பெய்கிறது. 80 சதுர மீட்டர் மொட்டை மாடி என்றால்? 1,12,000 லிட்டர். 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பன்னிரண்டு நடைக்கு மேல். லாரி வந்தால் குடத்தோடு ஓடிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. “அப்போ நம்ம ஸ்கூல் மாடித் தண்ணி எங்க போகுது மிஸ்?” என்று ஒருவன் கேட்டான். போய்ப் பார்த்தோம். 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்களிடமும் இருந்தது. உள்ளே சருகும் சாக்லேட் தாளும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளே இதைச் சொன்னார்கள். நான் மூன்று முறை சொல்லி நடக்காதது பத்து நாளில் நடந்தது.

தெருவுக்குப் போக ஆசைப்பட்டால் கிணற்றில் தொடங்குங்கள். காரணீஸ்வரர் கோயிலைச் சுற்றிய பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் கிணறு இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மூன்று வீட்டுக்குப் போய், கிணற்றுத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளப்போம். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஒரு போல்ட். கயிற்றை விடுவது நானோ வீட்டுப் பெரியவரோதான். பிள்ளைகள் இரண்டடி தள்ளி நின்று முடிச்சை எண்ணுவார்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்காமல் வாசல் தாண்டாதீர்கள்.

ஒரு வீட்டில் எங்களுக்கு மோர் தரும் ஆயா, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019-இல் இதே கிணற்றில் அடி மண் தெரிந்ததைச் சொன்னார். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று காலால் தொட்டுக் காட்டினார். பிள்ளைகள் அந்தப் படியையும் கயிற்றால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் சொல்லவில்லை.

கடைசியாகக் கரும்பலகை. பள்ளிக்குள்ளே மாட்டாதீர்கள், தெருவைப் பார்த்து மாட்டுங்கள். தேதி, மழை அளவு, அளந்தவர்கள் பெயர், அவ்வளவுதான். பொன்மொழி எல்லாம் வேண்டாம். போன ஜனவரியில் இரண்டு நாள் நான் லீவு. திரும்பி வந்த அன்று வாசலில் இட்லி கடை போடும் அக்கா கரண்டியோடு நின்று கேட்டார்: “இன்னா மிஸ், ரெண்டு நாளா முட்டை கூடப் போடல?”