கடையில் வராத கோளாறு

போன மே மாதம், மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தபோது, காவேரிப்பட்டணத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "டேய், கம்ப்யூட்டர் மறுபடியும் கண்ணடிக்குதுடா." திரை சட்டென்று கறுத்துப்போகும், இரண்டு மூன்று நொடியில் தானாகவே திரும்பி வரும். அதைத்தான் அவள் கண்ணடிப்பது என்கிறாள். திறந்து வைத்த கணக்கு அப்படியே இருக்கும். ஒரே நாளில் இரண்டு தடவை வரும், அப்புறம் ஐந்தாறு நாளுக்கு ஒன்றுமே இருக்காது. மாமாவுக்கு மாங்காய் வியாபாரம். கூழ் ஃபேக்டரிக்கு எத்தனை டன் பெங்களூரா மாங்காய் போனது, செந்தூரா ரகம் எந்த மண்டிக்குப் போனது என்று எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அதற்குள் அந்த வீட்டில் ஒரு தடவை ஃபார்மட் (எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது), புதிதாக ஒரு ராம் (தற்காலிக நினைவகம்), கடைக்கு இரண்டு நடை, எல்லாம் முடிந்திருந்தன. ஃபார்மட் செய்யச் சொன்னது நான்தான், அதுவும் தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே. கீழே வரும் தவறுகளில் பாதி என்னுடையவை.

முதல் தவறு, கோளாறு வந்ததும் ரீஸ்டார்ட் செய்வது. எப்போதும் கெட்டுக் கிடக்கிற கம்ப்யூட்டரைச் சரிசெய்வது சுலபம். எதைத் தொட்டாலும் பலன் உடனே தெரியும். விட்டு விட்டு வருகிற கோளாறு கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சில நொடிகள்தான் நமக்குக் கிடைக்கிற ஒரே தடயம். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தினால் அதுவும் போய்விடும்.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை சில உண்டு, எதற்கும் செலவில்லை. திரை உறைந்து நின்றால் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே எல்லாம் முற்றிலும் நின்றுவிடவில்லை. டாஸ்க்பாரும் ஐகான்களும் மட்டும் செத்துக் கிடந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்பதை ரீஸ்டார்ட் செய்தாலே போதும். திரை கறுத்தே கிடந்தால் விண்டோஸ் சாவி, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரைக்குப் படம் தரும் சிப்பை இயக்குகிற மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் வேலை போகாது. படம் அதனால் திரும்பி வந்தால் சந்தேகம் டிரைவர் பக்கம் போகும்.

திரையில் கோடுகளோ புள்ளிகளோ வந்தால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. அந்த நேரத்திலேயே பிரிண்ட் ஸ்க்ரீன் சாவியால் திரையைப் படமெடுத்து, படத்தைப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் திறந்தாலும் கோடுகள் தெரிந்தால் அவை கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறந்தவை. படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிளோ மானிட்டரோதான் குற்றவாளி. மானிட்டரின் சொந்த மெனு பட்டனை அழுத்தி, அந்த மெனுவும் சேர்ந்து துடிக்கிறதா என்று பார்க்கலாம். துடித்தால் பெரும்பாலும் மானிட்டரே பழுது. கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் திறக்கக்கூடிய அமைப்புப் பக்கமான பயாஸ் திரையிலும் அதே கோளாறு வந்தால் விண்டோஸ் மீது பழி போட வழியே இல்லை, ஏனென்றால் அப்போது விண்டோஸ் இன்னும் ஏறவே இல்லை.

இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல்தான் நான் ஃபார்மட் என்றேன். ஃபார்மட் செய்தால் கோளாறோடு அதன் வரலாறும் அழிந்துவிடும். விண்டோஸில் ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த மென்பொருள் ஏறியது, எது எப்போது விழுந்தது என்று நாள்வாரியாகக் காட்டும். கோளாறு தொடங்கிய வாரத்தில் ஏதாவது அப்டேட் ஏறியிருந்தால் அங்கே பார்த்தவுடன் தெரிந்திருக்கும். அதைத்தான் முதலில் துடைத்தேன். பேக்கப் எடுத்தோமா என்றால், நல்லவேளை, மாமா கணக்கை மட்டும் பென் டிரைவில் வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க்மேல் சிறு சந்தேகம் இருந்தாலும் முதல் வேலை ஃபைல்களை நகலெடுப்பதுதான். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஸ்கேன் ஓட்டினால் மிச்ச உயிரும் போய்விடும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கண்ணடித்தது. இம்முறை மாமா மானிட்டரை விட்டுவிட்டு சிபியூ பெட்டியை மட்டும் கழற்றி, ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். நம் ஊர்களில் எல்லோரும் செய்வது இதுதான். கடை மேசையில் இரண்டு நாள் ஓடியது, ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. சும்மா திருப்பித் தர மனமில்லாமல் ராமை மாற்றி, தூசி தட்டி, டிரைவர் அப்டேட் செய்து கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் மூன்று மாற்றம். சரியாகியிருந்தாலும் எதனால் என்று தெரிந்திருக்காது, சரியாகவில்லை என்பது வேறு கதை. கடையில் வரவில்லை என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பெரிய துப்பு. கடைக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கியவை எவை? மானிட்டர், கேபிள், பிளக் பாயின்ட், கரண்ட், அந்தச் சுவர். சந்தேகப் பட்டியலை அங்கேயே பாதியாக்கியிருக்கலாம்.

அப்புறம்தான் புத்தி வந்தது. பிளஸ் டூ படிக்கும் அக்கா மகளிடம், எதையும் தொடாதே, ஒரு பழைய நோட்டில் தேதி, மணி, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மட்டும் எழுது என்றேன். கம்ப்யூட்டரில் பாட்டு ஓடவிடச் சொன்னேன், திரை கறுக்கும்போது பாட்டு நிற்கிறதா என்று பார்க்க. நிற்காவிட்டால் கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்று வாரத்தில் ஏழு வரிகள் சேர்ந்தன. ஒரு வரி இப்படி: "மாலை 6.10. பாட்டு நிக்கல. பாட்டி மோட்டார் போட்டாங்க." ஏழில் ஐந்தில் அந்த மோட்டார் இருந்தது.

வராந்தாச் சுவரில் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி. அதே சுவருக்கு உள்பக்கம் கம்ப்யூட்டர் மேசை. மேசை இடம் மாறியபோது வாங்கிய மானிட்டருக்குப் படம் கொண்டுபோகிற 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள், மீதியைச் சுருட்டி, மோட்டார் ஒயர் போகிற பைப்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமாக இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், ஸ்டார்ட்டருக்குள் பொறி பறக்கும். அந்த இரைச்சல் மட்டமான நீளக் கேபிளில் ஏறினால் மானிட்டர் சிக்னலைத் தவறவிட்டு மறுபடி பிடிக்கும். அந்த இரண்டு மூன்று நொடிதான் கண்ணடிப்பு. மோட்டாரே வேண்டும் என்பதில்லை. சுழல் நாற்காலியிலிருந்து எழும்போது அதன் உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் கம்பியில் உண்டாகும் நிலைமின்சாரத்தால்கூடச் சில மானிட்டர்கள் கறுத்துத் திரும்புவதுண்டு. முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன்.

நான் முதலில் டிரைவரைச் சந்தேகித்து ஃபார்மட் என்றதற்கும் ஒரு நியாயம் இருந்தது. கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸே டிரைவரை நிறுத்தித் திரும்பத் தொடங்கும், அப்போதும் திரை இப்படித்தான் கறுத்து மீளும். ஆனால் அப்படி நடந்தால், விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘டிஸ்ப்ளே’ என்ற பெயரில், 4101 என்ற எண்ணோடு பதிவாகும். அக்கா வீட்டில் அந்தப் பதிவு ஒன்றுகூட இல்லை. பார்த்திருந்தால் ஃபார்மட் செய்திருக்க மாட்டேன்.

ஈவென்ட் வியூவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரிலும் அங்கே சிவப்பும் மஞ்சளும் நிறைய இருக்கும். கோளாறு வந்த அதே நிமிடத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள், அதற்கும் நோட்டில் மணி எழுதியிருக்க வேண்டும். ‘கெர்னல் பவர் 41’ என்று கண்டதும் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் தரும் பெட்டி) வாங்க ஓடாதீர்கள். முறையாக அணைக்காமல் நின்றுபோனது என்பதைத்தான் அது சொல்கிறது, ஏன் நின்றது என்று சொல்வதில்லை. கரண்ட் போனாலும் அதேதான் எழுதும். இந்தச் சிவப்பு வரிகளைக் காட்டியே, கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று பயமுறுத்திப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். திரையில் எண் காட்டி ‘உடனே அழையுங்கள்’ என்று வந்தால் அழைக்காதீர்கள். ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் செய்யுங்கள். தானாக டிரைவர் தேடித் தருகிறேன் என்னும் இலவச மென்பொருள்களையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

‘தினமும் அணைத்துத்தானே வைக்கிறோம்’ என்பதும் ஒரு மயக்கம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்தாலும் அடிப்படை நிலையை டிஸ்க்கில் சேமித்துவைத்து மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் ‘அப்டைம்’ (தொடங்கியதிலிருந்து ஓடிய நேரம்) பல நாள் காட்டுவது அதனால்தான். முழுசாகப் புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் வழி.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைக்கு அருகில் வீடு என்றால் தூசி கேட்கவே வேண்டாம். சூடேறி, மத்தியானத்தில் மட்டும் நின்றுபோகிற கம்ப்யூட்டருக்குச் சுத்தம் செய்வதுதான் மருந்து. பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறங்கள், காற்றடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? அது எலக்ட்ரீஷியன் வேலை, எர்த் சரியில்லை. அக்கா வீட்டிலும் கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தது. அதையும் பார்க்கச் சொன்னேன், ஆனால் கேபிள் விஷயம் தெளிவான பிறகு. இரண்டையும் ஒரே நாளில் செய்திருந்தால் கடைக்காரர் செய்த அதே தப்பை நானும் செய்தவனாவேன்.

மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றி, ஒன்றரை மீட்டரில் நல்ல கேபிள் ஒன்று போட்டோம். இது ஒரே மாற்றமா என்று நீங்கள் கேட்கலாம். கேபிளா இடமா என்று பிரித்துப் பார்க்க அக்காவுக்குப் பொறுமை இல்லை. மறுநாளே மாமா, "சரியாயிடுச்சு மாப்பிள்ளை" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிற கோளாறு, எதையுமே சரிசெய்யாவிட்டாலும், ஒரு குறிப்பிட்ட நாளில் வராமலிருக்கப் பத்துக்கு ஏழு வாய்ப்பு உண்டு. மூன்று மடங்கு, அதாவது ஒன்பது நாள் தொடர்ந்து வராமலிருந்தால்தான் அந்த வாய்ப்பு இருபதில் ஒன்றாகக் குறையும். நோட்டை மூடாதே என்று அக்கா மகளிடம் சொன்னேன். அவள் பத்து நாள் வரிசையாக ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, பதினோராம் நாள் அதே பக்கத்தில் வேதியியல் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். புது ராம் உள்ளேயே இருக்கிறது, கடையில் திருப்பி எடுக்கவில்லை.