பழைய மீன் தொட்டியைத் தாடி ஓணானுக்காகத் தூய்மை செய்யும் முறை

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கங்களில் மீன் வளர்த்துக் கைவிட்ட நான்கடிக் கண்ணாடித் தொட்டி, கேட்டால் எவர் வீட்டுக் கொல்லையிலாவது கிடைத்துவிடும். பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணான் ஒன்று வளர்ந்த பின்னும் தங்குவதற்கு அந்த நீளம் போதும். ஆனால் மீனுக்குச் சுத்தமாக இருந்த தொட்டி ஓணானுக்கும் சுத்தமானது என்று எண்ணிவிடக் கூடாது. தொட்டியில் கலந்த மருந்தும் உப்பும் மீன் இருந்தவரை நீரில் கரைந்து கிடந்தன. நீரை வெளியேற்றியதும் அவை கண்ணாடியில் காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. ஓணானோ புதிய இடத்திற்கு வந்ததும் எதிர்ப்படுவதையெல்லாம் நாக்கால் தொட்டுப் பார்த்தே அறிந்துகொள்ளும். எனவே கண்ணாடியில் எஞ்சுவது எதுவாயினும் அதன் வயிற்றுக்குள் போகும் என்ற எண்ணத்தோடு வேலையைத் தொடங்குங்கள்.

வேலைக்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் வயல்வரப்புகளில் காணும் உடும்பையோ பச்சோந்தியையோ பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனம் எதுவாயினும் ரசீதோடு வாங்குங்கள். பதிவு தேவையா என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே வீட்டிற்குக் கொண்டுவாருங்கள்.

தொட்டியில் மிஞ்சியிருக்கும் நீரையும் செடிகளையும் நத்தைகளையும் வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட வெங்காயத்தாமரை நம் பாசன வாய்க்கால்களை எப்படி அடைத்திருக்கிறது என்பதை நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். தொட்டியைத் துப்புரவாக்க வளர்க்கும் சக்கர் மீனும் நீர்நிலைக்குள் போனால் அங்கேயே பெருகிவிடும். மருந்து ஊற்றாத நீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம். செடிகளை வெயிலில் சருகாகக் காயவிட்டு எருக்குழியில் போடலாம். பழைய கூழாங்கற்களை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். இரையோடு சேர்த்து ஓணான் கல்லை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். நீரில் ஊறிக் கிடந்த மரத்துண்டும் வேண்டாம், அதன் துளைகளுக்குள் இருப்பதை எதைக்கொண்டும் கழுவ முடியாது.

கடைமடைப் பகுதியில் உள்ளவர்களுக்கு அதிக நேரம் எடுக்கும் வேலை உப்புக்கறை. உப்பேறிய போர் தண்ணீர் நின்ற தொட்டியில், நீர்மட்டம் இருந்த இடத்தில் விரல் அகலத்திற்கு ஒரு வெள்ளைப் பட்டை கல்போல் இறுகியிருக்கும். இதைச் சுரண்டி எடுக்க முயலாதீர்கள். பாத்திரம் துலக்கும் பழக்கத்தில் உமிக்கரியைக் கையில் எடுக்கவும் கூடாது. அதில் உள்ள சிலிக்கா, கண்ணாடியில் கீறல்களை உண்டாக்கும். கறை படிந்த கண்ணாடி கீழே வரும்படி தொட்டியைத் தெர்மகோல் பலகையின் மேல் இருவர் சேர்ந்து மெல்லச் சாய்த்து வைத்து, பழைய வேட்டிக் கிழிசலை வினிகரில் நனைத்து அந்தப் பட்டையின் மேல் படிய விரியுங்கள். சிறிது நேரத்தில் துணியின் ஓரங்களில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் சிறுசிறு சத்தத்தோடு எழும். கறையில் உள்ள சுண்ணாம்பு கரைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். குமிழி அடங்கியதும் மீண்டும் வினிகர் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துத் துணியை எடுத்தால் கறை ஈர மாவுபோல் இளகியிருக்கும். அதைப் பிளேடால் படுக்கைவாட்டில் தள்ளி எடுத்துவிடலாம். மூலைகளில் மட்டும் பிளேடு வேண்டாம். கண்ணாடிகளைப் பிணைத்திருக்கும் சிலிகான் அறுபடக்கூடும், அங்கே தேங்காய் நாரே போதும். கொதிநீரையும் ஊற்றாதீர்கள், குளிர்ந்த கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

அடுத்தது கிருமிநீக்கம். என் முதல் தொட்டியை நான் பினாயில் ஊற்றித்தான் கழுவினேன். வீட்டுத் தரைக்கு நல்லது என்றால் தொட்டிக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். பத்து நாள் வெயிலில் வைத்தும் மூலைகளிலிருந்து அந்த வாடை போகவில்லை. கடைசியில் அதில் ஓணானை விட மனம் வராமல் வேறு தொட்டி தேடினேன். பினாயில், டெட்டால் போன்ற ஃபீனால் வகைப் பொருள்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. இவற்றைத் தொட்டியின் அருகே கொண்டுவரக் கூடாது. கடைகளில் கிடைக்கும் ஐந்து விழுக்காட்டுத் திரவ பிளீச்சை, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, உள்பக்கம் முழுவதும் பூசிப் பத்து நிமிடம் உலராமல் வைத்திருந்தால் போதும். பாசியும் அழுக்கும் இருக்கும் இடத்தில் பிளீச் வலுவிழந்துவிடும் என்பதால் இதை எல்லாம் தேய்த்துக் கழுவிய பிறகே செய்ய வேண்டும். இதில் உயிருக்கே ஆபத்தான ஒரு தவறு உண்டு: வினிகரும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு எழும். ஆகவே வினிகரை முழுவதுமாக அலசி வெளியேற்றிய பிறகே, காற்றோட்டமான வெளியிடத்தில், கையுறை அணிந்து பிளீச்சைத் திறவுங்கள்.

பிளீச்சின் வாடை மறையும்வரை பலமுறை அலசுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் சேர்த்து வைத்த மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ பயன்படுத்திப் பருத்தித் துணியால் உடனே ஒற்றி எடுத்தால் புதிய உப்புத் திட்டுகள் விழாது. பிறகு இரண்டு நாள் முழு வெயிலில் காயட்டும்.

காய்ந்த பின் சிலிகானைக் கூர்ந்து பாருங்கள். நீலமாகவோ பச்சையாகவோ இருந்தால் மீன் மருந்தின் சாயம் அதற்குள் ஊறியிருக்கிறது. அப்படி இருந்தால் உள்விளிம்பில் உள்ள பூச்சை அகற்றி, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானைப் புதிதாகப் பூசி, இரண்டு நாள் இறுகவிடுங்கள்.

மீன் தொட்டியின் பழைய பிளாஸ்டிக் மூடி உதவாது. தாடி ஓணான் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்தது; அதற்கு 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதம் போதும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துணியே காயாத நம் ஊரில் மூடிய தொட்டி அதற்கு ஒத்துவராது. வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டமும் உலோக வலையும் வைத்து மூடி செய்துகொள்ளுங்கள். ஓணானுக்கு வெப்பம் தர மேலே வைக்கும் விளக்கின் சூட்டில் நைலான் வலை உருகிவிடும். ஓணானுக்குத் தேவையான புற ஊதாக் கதிர் கண்ணாடியைக் கடந்து வராது என்பதால் தொட்டியைச் சன்னலோரம் வைப்பதில் பயனில்லை, உள்ளே சூடுதான் ஏறும். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள், கழுவுவதற்கும் எளிது.

ஓணானை விடுவதற்கு முன் வெறும் தொட்டியில் விளக்கை ஒரு பகல் முழுதும் எரியவிடுங்கள். குளிர்ந்த தொட்டியில் தெரியாத வாடை சூடேறினால் மூலைகளிலிருந்து கிளம்பும். மாலையில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஏதேனும் நெடி தட்டினால் மறுபடி அலசி வெயிலில் வைக்க வேண்டும். விளக்கின் கீழ் ஓணான் குளிர்காயும் மேட்டில் 40 டிகிரி செல்சியஸ் அளவும் நிழல் பக்கத்தில் 28 டிகிரி அளவும் காட்டினால் ஓணானை உள்ளே விடலாம். அதன் பிறகு கழுவும் பொருள் எதையும் சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். நோயின்றி இருக்கும் ஊர்வனவும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். கொல்லையில் அதற்கென்று ஒரு வாளியும் ஒரு சோப்பும் தனியே இருக்கட்டும்.