சுவருக்குள் முறிந்த நிப்பிளை எடுத்த கதை

குன்னூரில் எங்கள் பழைய வீட்டுக் கீசருக்குத் தண்ணீர் செல்லும் அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிள், அதாவது இருமுனையிலும் மரையுள்ள குட்டைக் குழாய், சுவரிலுள்ள எல்போ என்ற வளைவு இணைப்பின் வாய்மட்டத்தில் முறிந்து, மரைப் பகுதி மட்டும் உள்ளே தங்கிவிட்டது. வெளியே பிடிக்க எதுவும் இல்லாததால் பைப் ரெஞ்ச் பயன்படவில்லை. உளியால் விளிம்பை இடப்பக்கமாகத் தட்டியதில் துரு உதிர்ந்ததே மிச்சம்.

மறுநாள், முறிந்த போல்ட்டுகளை எடுக்கும் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டரைச் சுத்தியலால் அடித்து இறக்கித் திருப்பினேன். நிப்பிள் முன்னைவிட இறுகியது. போல்ட் உள்ளீடற்றதல்ல, குழாயோ வெறும் வளையம். துருவேறி மெலிந்த அதன் சுவரைக் கூம்பு வெளிப்புறமாக விரித்து, எல்போவின் மரையோடு இன்னும் அழுத்திவிடுகிறது என்பது இரண்டு நாள் வீணான பிறகே புரிந்தது.

பயன்பட்டது, குழாயின் உட்புறத்தைப் பல்லால் கவ்வும் உட்பிடி ரெஞ்ச். திருப்பும்போது அதன் பல் வெளிப்புறமாக நகர்ந்து கவ்வுவதால் அடித்து இறக்க வேண்டியதில்லை. இதை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரை அங்குலம் என்பது பெயரளவே, வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ., உள்விட்டம் சுமார் 16 மி.மீ. எனக்கோ உள்ளே படிந்திருந்த துருவால் சரியான அளவுக் கருவியும் முதலில் நுழையவில்லை. உருண்டை அரத்தால் சுரண்டிய பிறகே நுழைந்தது.

இரவு முழுவதும் மண்ணெண்ணெய் நனைத்த துணியை வைத்துவிட்டு, காலையில் இடஞ்சுழியாகக் கால் சுற்று, சற்றே பின்னோக்கி, மீண்டும் முன்னோக்கி என மெதுவாக அசைத்ததில், எல்போவின் மரை கெடாமல் துண்டு வெளியே வந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது. புதிய நிப்பிளை டெஃப்லான் டேப் சுற்றி, முதல் சுற்றுகளைக் கையாலேயே ஏற்றிய பின்புதான் ரெஞ்சை எடுத்தேன்.