ஆடிக் காற்று எங்கிருந்து வருகிறது? வளிமண்டலச் சுழற்சியைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏன் இப்படிச் சுடுகிறது என்று கேட்டால், அப்போது சூரியன் பூமிக்கு அருகில் இருக்கிறது என்ற விடை இன்றும் கிடைக்கிறது. உண்மையில், பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது, ஓசூர்க்காரர்கள் கம்பளியைத் தேடும் ஜனவரித் தொடக்கத்தில்தான், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தள்ளிப்போவது ஜூலைத் தொடக்கத்தில். வெப்பத்தைத் தீர்மானிப்பதில் இந்தத் தொலைவைவிடக் கதிர் விழும் கோணமே முதன்மையானது. ஆனால் கோணத்தோடு விளக்கத்தை முடித்துக்கொள்வதும் தவறு. சுமார் 12 பாகை வட அகலாங்கில் உள்ள தருமபுரியின் உச்சிக்கு நேராகச் சூரியன் ஏப்ரல் பிற்பகுதியில் ஒருமுறையும், ஆகஸ்டு பிற்பகுதியில் மறுமுறையும் வருகிறது. கோணம் ஒன்றாக இருந்தும் ஆகஸ்டு ஏப்ரலைப் போலக் காய்வதில்லை. அதற்குள் பருவக்காற்றும் மேகமும் வந்துவிடுகின்றன.

உயரம் கூடினால் சூரியனை நெருங்குகிறோம், ஆகவே வெப்பமும் கூட வேண்டும் என்ற எண்ணமும் இதன் உடன்பிறப்புதான். காற்று பெரும்பாலும் தரையிலிருந்தே சூடாகிறது. மேலெழும்போது விரிந்து குளிர்கிறது. தருமபுரியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் குளிர்ச்சிக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

நிலநடுக்கோடுதான் உலகின் மிக வெப்பமான பகுதி என்று எழுதுவோரும் உண்டு. அங்கே சூடான ஈரக்காற்று மேலெழுந்து மழையாகக் கொட்டி, வானத்தை மேகத்தால் மூடிவிடுகிறது. அந்தக் காற்று உயரத்தில் துருவங்களை நோக்கி நகர்ந்து, 30 பாகை அகலாங்கை ஒட்டிக் கீழிறங்கும்போது, இறங்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறுவதால் மேகம் கலைந்து வானம் வெளுக்கிறது. சகாராவும் அரேபியப் பாலைவனமும் அமைந்தது இப்படித்தான். 1735இல் ஜார்ஜ் ஹேட்லி முன்வைத்த விளக்கத்தின் பெயரால் இது ஹேட்லி சுழற்சி எனப்படுகிறது.

ஒவ்வொரு அரைக்கோளத்திலும் மூன்று காற்றுச் சுழற்சிகளைக் காட்டும் பாடநூல் படத்தை அசையாத வரைபடமாக எடுத்துக்கொள்வதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய பிழை. அது ஆண்டுச் சராசரியின் எளிய வடிவம் மட்டுமே. காற்றுகள் கூடும் தாழ்வழுத்தப் பட்டை ஜூலையில் நிலநடுக்கோட்டை விட்டு விலகி, கங்கைச் சமவெளி வரை ஏறிவிடுகிறது. அப்போது தென் இந்தியப் பெருங்கடலின் தென்கிழக்கு வியாபாரக் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்து, பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாக நம்மை அடைகிறது. அம்மியைப் பறக்கவைப்பதாகச் சொல்லப்படும் ஆடிக் காற்று, பக்கத்து மலையில் பிறந்ததன்று. தென் அரைக்கோளத்திலிருந்து புறப்பட்டது. இப்படித் திருப்பும் கோரியோலிஸ் விசையைச் சிறு சுழல்களுக்கும் பொருத்துவது தவறு. கோடையில் தரிசு நிலத்தில் புழுதியைச் சுருட்டி எழும் சுழல்காற்று எந்தப் பக்கமும் சுழலலாம்.

காற்று பலமாக அடித்தால் மழையும் பலமாகப் பெய்யும் என்று எதிர்பார்ப்பது அடுத்த தவறு. பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் குடகிலும் வயநாட்டிலும் இறக்கிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்பால் இறங்கிச் சூடேறிய பிறகே இங்கு வருகிறது. அதனால்தான் ஜூலையில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை விதிக்கும் அளவுக்குக் காவிரி பெருகியிருக்கும்போதும், சில மைல் தள்ளிப் பென்னாகரத்தின் மேட்டு நிலங்கள் மழைக்குக் காத்திருக்கலாம். ஆற்றில் வருவது கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் திறந்துவிடப்பட்ட நீர். இதை வைத்து மழை மறைவுப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவத்தில் மழையே இல்லை என்று முடிவுகட்டினால் அதுவும் பிழை. மேலைக் காற்றின் வேகம் தணியும் ஆகஸ்டு, செப்டம்பர் மாலைகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் இடிமழை நன்றாகவே பெய்கிறது.

கடலிலிருந்து தொலைவில் இருப்பதால் புயல் நமக்கில்லை என்ற நம்பிக்கையை 2024 பொய்யாக்கியது. நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து மெல்ல உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. காற்றின் வேகம் குறைந்தால் ஆபத்தும் குறைந்துவிட்டது என்று கருதக் கூடாது. மெதுவாக நகரும் தாழ்வு மண்டலம் ஒரே இடத்தில் நெடுநேரம் கொட்டித் தீர்க்கும்.

எல் நினோ என்ற செய்தியைக் கேட்டதும் ஆண்டு முழுவதும் வறட்சி என்று முடிவுசெய்வது, நிலக்கடலையோ ராகியோ விதைக்கத் திட்டமிடுபவரை நேரடியாகப் பாதிக்கக்கூடிய தவறு. பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதிகளில் கடல் வெப்பமடையும் எல் நினோவின்போது கிழக்கு மேற்காக அமைந்த காற்றுச் சுழற்சி இடம்பெயர்வதால், தென்மேற்குப் பருவமழை நலிவதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனால் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை அத்தகைய ஆண்டுகளில் வலுப்பெறுவதே அதிகம். வலுவான எல் நினோ நிலவிய 2015இன் இறுதியில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. எதிர்நிலையான லா நினாவில் வடகிழக்கு மழை குறையும் என்பதும் உறுதியான விதியன்று. 2021இல் லா நினா இருந்தும் தமிழ்நாட்டில் இயல்பைவிட மிகுதியாகவே மழை பெய்தது.